வண்டி சூடேறுகிறது: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

சென்னையில் ஒரு காரின் எஞ்சின் சூடேறினால், கேட்கும் இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். தெருமுனை மெக்கானிக், சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்பார். ரேடியேட்டர் பட்டறைக்காரர் ரேடியேட்டரை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ், தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மதிப்பீட்டுத் தாளை நீட்டுவார்கள். இன்னொருவர் பானட்டைத் திறந்த மாத்திரத்தில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது என்று சொல்லிவிடுவார். செலவு சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை நீள்கிறது.

இவர்களில் யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவரவர் கைக்குப் பழகிய வேலையைச் சொல்கிறார்கள். ஆனால் நம் வண்டிக்கு எந்த வேலை வேண்டும் என்பதை முடிவு செய்து பணம் கொடுக்க வேண்டியவர் நாம். அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். சூடு எப்போது ஏறுகிறது? எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைகிறதா, குறையாமலே சூடு ஏறுகிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் ஒரு பாகத்தைக்கூட மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நம் ஊரின் வெயிலைப் பற்றி ஒரு கணக்கு. எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியேறுகிறது. ரேடியேட்டர் அதைக் காற்றிடம் தள்ளும் திறன், கூலன்டுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரி என்றால் வித்தியாசம் 53. ஒரு பாகமும் பழுதாகாமலே கால் பங்கு திறன் போய்விட்டது. ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் வேறு ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றை இன்னும் சூடாக்கித்தான் பின்னால் அனுப்புகிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவான ஊர் இது. மே மாதம் திடீரென்று வந்த பழுது என்று நாம் நினைப்பது, பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த ஓர் அடைப்பு. குளிர்காலம் அதை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

சாலையில் நிற்கும்போது: ஓட்டுவதா, ஊற்றுவதா, இழுத்துச் செல்வதா?

டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறத் தொடங்கிவிட்டது, இன்னும் சிவப்பைத் தொடவில்லை என்றால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஏ.சி.யின் சூடு-குளிர் குமிழை, சென்னையில் யாரும் தொடாத அந்தச் சிவப்புப் பக்கத்துக்கு முழுவதும் திருப்பி, ஹீட்டர் காற்றை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே உட்கார முடியாது, ஆனாலும் வையுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். முள் இறங்கினால், பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய அடுத்த இடம் வரை போகலாம். கத்திப்பாரா மேம்பாலத்தின் நடுவில் நிற்காமல் கீழே இறங்குவதற்கு இது உதவும். வீடு வரை போவதற்கான அனுமதி அல்ல.

சிவப்பு விளக்கு எரிந்துவிட்டாலோ, முள் சிவப்பைத் தொட்டுவிட்டாலோ ஓரம் கட்டி எஞ்சினை அணைப்பது ஒன்றுதான் வழி. இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது; குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடேறிவிட்டால் சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு எரியும்போது நமக்குக் கிடைப்பது எச்சரிக்கை அல்ல, கடைசி அழைப்பு. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உச்சியில் இருந்த முள் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கீழே விழுந்தால், எஞ்சின் குளிர்ந்துவிட்டதென்று நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் மொத்தமும் வெளியேறி, சென்சார் வெறும் காற்றில் நிற்பதாகவும் இருக்கலாம். எஞ்சினுக்கு அதைவிடக் கெட்ட நேரம் இல்லை.

அணைத்த பிறகு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது. உள்ளே ஏறத்தாழ ஒரு பார் அளவுக்கு அழுத்தம் இருக்கிறது. நூறு டிகிரியைத் தாண்டிய திரவம் அந்த அழுத்தத்தால்தான் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடியைத் திருகினால் முகத்தில் அடிக்கும். ஈரத்துணி போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இனி மூன்று வழிகளையும் ஒப்பிடலாம். ஆறிய பிறகு பார்க்கும்போது தண்ணீர் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது, கீழே சொட்டவில்லை, முள்ளும் சிவப்பில் நீண்ட நேரம் நிற்கவில்லை என்றால் நிரப்பிக்கொண்டு அருகிலுள்ள மெக்கானிக்கிடம் மெதுவாகப் போகலாம். குடிதண்ணீர் கேன் கிடைத்தாலும் பரவாயில்லை. அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் வெறும் ரேடியேட்டரைவிட மேல். ஆனால் கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் அலுமினிய ஹெட் வளையலாம், விரிசலும் விடலாம். ஹோஸ் வெடித்து ஊற்றுகிறது, அல்லது சிவப்பிலேயே சில கிலோமீட்டர் ஓட்டியாகிவிட்டது என்றால் இழுத்துச் செல்லும் வண்டியைத் தவிர வேறு வழியைத் தேடாதீர்கள். பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து நகருக்குள் இழுத்துவரச் சில ஆயிரம் ஆகும்தான். ஹெட்டைத் திறந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் அது சிறிய தொகை. இன்ஷூரன்ஸ் பாலிசியில் சாலையோர உதவி சேர்த்திருக்கிறீர்களா என்பதை இன்றே பார்த்துவைப்பது நல்லது. வழக்கமான பாலிசி எந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. விபத்தில் ரேடியேட்டர் உடைந்த பிறகும் ஓட்டி எஞ்சினைக் கெடுத்துக்கொண்டால், அந்த இரண்டாவது சேதத்தையும் ஏற்காது.

எப்போது ஏறுகிறது?

நோய் கண்டறிவதில் முக்கால் பங்கு இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடுகிறது.

ஆற்காடு சாலை நெரிசலில் ஊர்ந்துபோகும்போது ஏறுகிறது, தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வேகம் பிடித்தால் இறங்கிவிடுகிறது என்றால், காற்றோட்டத்தில்தான் குறை. வண்டி ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். எனவே ஃபேன், அதை இயக்கும் மின்சுவிட்சான ரிலே, ஃபியூஸ், சென்சார், கண்டென்சரில் அடைத்த தூசி ஆகியவற்றைப் பாருங்கள். ரேடியேட்டரைக் கழற்ற வேண்டிய அவசியம் இன்னும் வரவில்லை.

இதற்கு நேர்மாறாக, நகருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் 90, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினாலோ, திருமலைக்கு ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகும்போது ஏறினாலோ, கூலன்ட் போதிய அளவு ஓடவில்லை என்று பொருள். ரேடியேட்டரின் உட்குழாய்களில் அடைப்பு, பாதி திறந்து நின்றுவிட்ட தெர்மோஸ்டாட், இறக்கை தேய்ந்த வாட்டர் பம்ப், உறிஞ்சும்போது உட்புறமாகச் சப்பிப்போகும் கீழ் ஹோஸ் என்று சந்தேகப்பட வேண்டிய பட்டியலே மாறிவிடுகிறது.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே சிவப்புக்குப் போனால், மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், உள்ளே மாட்டிய காற்றுக்குமிழ், அல்லது கூலன்டே இல்லாமை. எந்த வேகத்திலும் ஏறி, வெளியே எங்கும் சொட்டாமல் கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சை எடுக்க வேண்டும். அப்போதும் ஹீட்டருக்குள் இருக்கும் அந்தச் சிறிய ரேடியேட்டர், அதாவது ஹீட்டர் கோர், கசிகிறதா என்று முதலில் பாருங்கள். இடப்பக்க இருக்கைக்கு முன்னால் தரைவிரிப்பில் ஈரம், காருக்குள் ஓர் இனிப்பு வாசனை, கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி இவை அதன் அடையாளங்கள்.

ஃபேன்: சரிசெய்வதா, டைரக்ட் கொடுப்பதா?

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஓடும்போது ஏ.சி.யைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் உடனேயோ சற்று நேரத்திலோ ஃபேன் சுற்ற வேண்டும். ஏ.சி.க்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். எதற்குமே சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போக வேண்டும். எஞ்சினை அணைத்த பிறகும் ஃபேன் தானாகக் கிளம்பக்கூடும் என்பதால் கையை உள்ளே விடாதீர்கள்.

என் அக்காவின் காரில் வெயில் காலத்தில் சிக்னலில் நின்றால் ஏ.சி. குளிரவில்லை. ஒரு கடையில் கேஸ் குறைந்துவிட்டது என்று நிரப்பினார்கள். சில வாரங்களில் அதே குறை திரும்பியது, மறுபடியும் கேஸ் நிரப்பினார்கள். அடுத்து எஞ்சின் சூடேறத் தொடங்கியபோதுதான் ஒருவர் ஃபேனைக் கவனித்தார். சுற்றத்தான் செய்தது, ஆனால் இறக்கைகளை எண்ணிவிடலாம் போன்ற வேகத்தில். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு வந்திருந்தது. நிற்கும்போது ஏ.சி. சொதப்பி, ஓடும்போது குளிர்ந்தால் முதலில் ஃபேனைப் பாருங்கள். எஞ்சின் கொதிப்பதற்குப் பல நாள் முன்பே ஏ.சி. நமக்குச் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் சென்னையில் பரவலாக நடக்கும் ஒரு குறுக்குவழி வருகிறது: சென்சாரையும் ரிலேயையும் விட்டுவிட்டு, சாவி போட்டதும் ஃபேன் சுற்றும்படி வயரை நேராகக் கொடுத்துவிடுவது. அன்று மாலை ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் இதை ஏற்றுக்கொள்ளலாம். நிரந்தரமாக விட்டால் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடிச் சீக்கிரம் தேயும், ரிலே இல்லாத மெல்லிய வயர் சூடேறும், அதைவிட முக்கியமாக, ஃபேனை ஓட்ட வேண்டிய சென்சாரின் பழுது மறைந்தே இருக்கும். சில கார்களில் அதே சென்சார்தான் எஞ்சினுக்குப் போகும் எரிபொருளின் அளவையும் தீர்மானிக்கிறது. சென்சாரோ ரிலேயோ பெரிய விலை கிடையாது. மாற்றிவிடுங்கள்.

கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியை டார்ச் அடித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கட்டாயம் பாருங்கள். சேறு அங்கேதான் காய்ந்து கல்லாகியிருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக, அழுத்தம் குறைவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் துப்பாக்கியை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

ரேடியேட்டர் மூடியையும் இதே சமயத்தில் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். ரப்பர் கெட்டால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் முன்னதாகவே கொதித்து ரிசர்வ் பாட்டிலில் பொங்கி வழியும். பாட்டில் நிறைந்திருக்க ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால், குற்றவாளி பெரும்பாலும் அந்த மூடிதான்.

தெர்மோஸ்டாட்: கழற்றுவதா, மாற்றுவதா?

“சார், இது குளிர் நாட்டுக்காரர்களுக்குத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு? கழற்றிப் போட்டுவிட்டால் ஜில்லென்று ஓடும்” என்பார் மெக்கானிக். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். தமிழ்நாடு முழுக்க இந்தப் பேச்சு வேரூன்றியிருக்கிறது. இதை நான் முழுமையாக எதிர்க்கிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சிறிய வால்வு. சூடேறினால் மெழுகு விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். அதுவரை கூலன்டை எஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு, சரியான சூட்டுக்கு வந்த பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும். வெளியே 40 டிகிரி இருந்தாலும், எஞ்சின் வேலை செய்ய வேண்டிய சூடு 90 டிகிரிக்கு அருகில். ஆக வெயில் ஊராக இருந்தாலும் எஞ்சினுக்கு ஐம்பது டிகிரி பாக்கி இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் அந்தச் சூட்டை எட்ட நேரமாகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், எண்ணெயில் ஈரம் சேரும், தேய்மானம் கூடும்.

இன்னொரு உண்மை பலருக்குத் தெரியாது. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு வேலை: ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, உட்சுற்றுக் குறுக்குவழியை அதன் அடித்தட்டு மூடும். அதைக் கழற்றினால் இரண்டு வழிகளும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூட்டைக் குறைக்கக் கழற்றிய வண்டி, நெடுஞ்சாலையில் முன்னைவிட அதிகமாகச் சூடேறுவது இதனால்தான்.

கெட்டதா இல்லையா என்று அறிய அடுப்படியே போதும். கழற்றிய தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 அல்லது 88 என்பது போல ஓர் எண் பொறித்திருக்கும். அந்த டிகிரியில் அது திறக்கத் தொடங்க வேண்டும். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் ஒரு சமையல் வெப்பமானி. முதலில் ஒன்றுமே நடக்காது. எண்ணை நெருங்கும்போது பித்தளை உருளை மெல்ல அசைந்து, வால்வின் ஓரத்தில் ஒரு முடியளவு இடைவெளி தெரியும். பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுவதற்குள் விரல் நுழையும் அளவுக்குத் திறந்துவிடும். வெளியே எடுத்து வைத்தால், ஆறும்போது முனகாமல் மூடிக்கொள்ள வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவில்லை என்றால் குப்பைக்குப் போகலாம். வண்டியிலிருந்து கழற்றாமலே ஒரு முன்சோதனை செய்யலாம்: எஞ்சின் சூடேறிய பிறகு மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ஃபேனும் பெல்ட்டும் சுற்றும்போது கையைக் கொண்டுபோகாமல், அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

மெக்கானிக்கிடம் வாதாட வேண்டியதில்லை. “இருக்கட்டும் அண்ணே, புதியதே போட்டுவிடுங்கள். பழையதை என்னிடம் கொடுத்துவிடுங்கள்” என்றால் போதும். கழற்றிப் போடும் கூலிதான் பெரும்பகுதி. பாகத்தின் விலையை மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை.

எந்தத் தண்ணீர்?

சென்னை வண்டிகளின் ரேடியேட்டர்கள் சாவதற்கு முதல் காரணம் போர்வெல் தண்ணீர் என்று நான் நம்புகிறேன். வேளச்சேரி, மேடவாக்கம், துரைப்பாக்கம் பக்கம் வாளியில் பிடித்து வைத்தாலே வெள்ளை படியும் தண்ணீர் அது. குளியலறை ஹீட்டரின் காயிலில் மேலோடு போலப் பிடிக்கும் அதே சுண்ணாம்புதான் எஞ்சினின் நீர்ப்பாதைகளிலும், ரேடியேட்டரின் தட்டையான குழாய்களிலும் ஒட்டுகிறது. ஒட்டிய பிறகு சூடு வெளியேறாது. உப்பு அலுமினியத்தையும் அரிக்கிறது. மெட்ரோ வாட்டர் இதைவிட மேல்; ஆனாலும் தாது இல்லாதது அல்ல.

கூலன்ட் எதற்கு, நம் ஊரில் தண்ணீர் உறையவா போகிறது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். எத்திலின் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால், அழுத்தம் இல்லாமலே ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். நல்ல மூடி போட்டால் 125-ஐத் தாண்டும். இரண்டாவது, அரிப்பைத் தடுக்கும் ரசாயனங்கள் அதில்தான் இருக்கின்றன. பம்பின் சீலும் அலுமினியமும் அதனால்தான் பிழைக்கின்றன.

ஆனால் வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன், கிளைகால் அல்ல. அதனால் அடர் கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் நன்மைக்குப் பதில் கெடுதல். உறைபனி இல்லாத ஊரில் சரிபாதிக்குக் குறைவாகவும் கலக்கலாம். கையேடு எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு. பெரும்பாலோருக்கு நான் சொல்வது கலந்தே வரும் கூலன்ட். விலை சற்றுக் கூடினாலும், போர்வெல் தண்ணீர் உள்ளே போகும் வாய்ப்பே இல்லை. தானே கலப்பவர்கள் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வகை மாற்ற வேண்டுமானால் பழையதை முழுக்க வடித்து, டிஸ்டில்ட் வாட்டரில் அலசிவிட்டு ஊற்றுங்கள். வடித்த கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், நஞ்சு. தெருநாய் நக்கினால் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து.

ரேடியேட்டர்: சுத்தம், பழுது, புதியது, புதுப்பேட்டை

மூடியைத் திறந்தால் துருநிறத்தில் சேறு தெரிகிறது, ஆனால் வண்டி மலை ஏறினால்தான் சூடேறுகிறது என்றால் ரசாயனம் ஊற்றி அலசிப் பார்ப்பதில் தவறில்லை. முற்றிய அடைப்புக்கு அது உதவாது. பழைய செம்பு, பித்தளை ரேடியேட்டர்களில் தொட்டியைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் பற்றவைத்துத் திருப்பித் தருவார்கள். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் நகரில் இன்னும் இருக்கிறார்கள், பழைய அம்பாசிடர் வைத்திருப்பவர் அவர்களைத்தான் தேடிப் போக வேண்டும். இன்றைய கார்களில் இருப்பது அலுமினியக் குழாயும் பிளாஸ்டிக் தொட்டியும். குத்தினால் மெல்லிய குழாய் கிழியும். தொட்டி விரிசலில் எபாக்சி தடவினால் வீடு சேரலாம், வெயில் காலத்தைத் தாண்ட முடியாது.

அடைப்பு உறுதியா என்பதை அகச்சிவப்பு வெப்பமானியால் தெரிந்துகொள்ளலாம். சூடான ரேடியேட்டரின் முகத்தில் வரிசையாகக் காட்டிக்கொண்டே போனால், கூலன்ட் ஓடாத பகுதி திட்டுத்திட்டாகக் குளிர்ந்து தெரியும். திட்டுகள் பல இருந்தால் புதியது வாங்குங்கள். கம்பெனியின் அசல் பாகமா, வெளிச்சந்தைப் பாகமா என்றால், வாரண்டி உள்ள வண்டிக்கு அசல். பத்தாண்டு ஓடிய வண்டிக்கு, பெயர் பெற்ற தயாரிப்பாளரின் வெளிச்சந்தை ரேடியேட்டர் போதும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கும்போது, பழையதையும் கையோடு எடுத்துப்போய் தடிமனையும் தகடுகளின் நெருக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். மலிவானது மெலிந்திருக்கும்.

புதுப்பேட்டையில் பழைய உதிரிப்பாகம் வாங்குவதில் எனக்கு மனத்தடை இல்லை. ஃபேன் கூடு, ரிசர்வ் பாட்டில், பிராக்கெட் எல்லாம் அங்கே வாங்கலாம். ரேடியேட்டரை மட்டும் வாங்காதீர்கள். உள்ளே எவ்வளவு சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

வாட்டர் பம்பைப் பற்றி ஒன்றே ஒன்று: டைமிங் பெல்ட் ஓட்டும் பம்ப் என்றால், பெல்ட்டைக் கழற்றும் அன்றே பம்பையும் மாற்றுங்கள். கூலி ஒரு முறைதான்.

ஹெட்டைத் திறப்பதற்கு முன்

இங்கேதான் பெரும்பணம் போகிறது, இங்கேதான் அவசரமும் அதிகம். கண்ணால் பார்த்து “கேஸ்கெட் போய்விட்டது” என்று யார் சொன்னாலும், சோதனை செய்துகாட்டச் சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? ரேடியேட்டரில் குமிழிகள் விடாமல் வருகின்றனவா? எண்ணெய்க் குச்சியில் பால் கலந்தது போன்ற படலம் இருக்கிறதா? சூடேறிய பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை இனிப்பு வாசனையோடு வருகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ரசாயனச் சோதனை உண்டு: ரேடியேட்டர் வாயில் நீலத் திரவக் குழாயை வைத்து ஆவியை உறிஞ்சினால், எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். சில நிமிட வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டைத் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உறுதியான பிறகு நான்கு வழிகள். கசிவை அடைக்கும் திரவம் ஒன்று. அது கேஸ்கெட்டோடு ரேடியேட்டரையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும்; நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டாவது, முறையான வேலை: ஹெட்டை இறக்கி, லேத் பட்டறையில் விரிசல் சோதித்து, அடிப்பரப்பை மட்டமாகச் சீவி (இதுதான் ஃபேஸிங்), புதிய கேஸ்கெட் போடுவது. பல எஞ்சின்களில் ஹெட்டின் வளைவு 0.05 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ஃபேஸிங் தேவை. நேர்ச்சட்டமும், சிறு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். போல்ட் இறுக்கும்போது நீண்டு இழுபடும் வகை என்றால் புதிய போல்ட் கட்டாயம். ஃபேஸிங் இல்லாமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மிச்சப்படுத்திய வண்டிகள் சில மாதங்களில் அதே பட்டறைக்குத் திரும்புகின்றன.

மூன்றாவது, பழைய எஞ்சினை வாங்கி மாற்றுவது. எஞ்சின் எண் ஆர்.சி.யில் பதிவானது என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் திருத்த வேண்டும்; அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சரியான ஆவணமும் வேண்டும். பிளாக்கே விரிசல் விட்டால் ஒழிய இதற்குப் போக வேண்டாம். நான்காவது, விற்பது. பதினைந்து ஆண்டுப் பதிவு முடியப்போகிறது, பாடியில் துரு, சஸ்பென்ஷனும் தேய்ந்திருக்கிறது என்றால், பழுதைச் சொல்லியே விற்றுவிடுவது நியாயமானது, லாபமும்கூட. மற்றபடி நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இரண்டாவது வழியே. ஹெட்டை இறக்கும் அன்றே தெர்மோஸ்டாட், ஹோஸ், மூடி எல்லாம் புதியதாகட்டும்.

எந்தக் கடைக்குப் போவது? ஃபேன், மூடி, தெர்மோஸ்டாட் வேலைக்கு நம்பிக்கையான அக்கம்பக்கத்து மெக்கானிக்கே போதும். வாரண்டி இருந்தால் கம்பெனி சென்டரைத் தாண்டிப் போகாதீர்கள். ஹெட் வேலைக்கு, அளந்து காட்டவும் பழைய பாகத்தைத் திருப்பித் தரவும் தயங்காத கடையைத் தேடுங்கள். கூலி சற்றுக் கூடினாலும் சரி.

எந்த வேலை முடிந்தாலும், காற்றை வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். முன்பக்கம் சற்று உயர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்துவைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டுக் கிளப்ப வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்து குமிழிகள் நிற்கும்வரை விட்டு நிரப்ப வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் தினமும் காலையில், வண்டியைக் கிளப்பும் முன், ரிசர்வ் பாட்டிலின் கோட்டைப் பாருங்கள். முதல் ஓரிரு நாளில் சிறிது இறங்கி நின்றுவிட்டால், மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால், பில்லையும் வண்டியையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், கூலிங் சிஸ்டத்துக்குப் பிரஷர் டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.